அப்பப்பாவின் றங்குப்பெட்டியும் கல்லூரி அலுமாரியும்

ரொறன்ரோவிலிருந்து ஒரு பேத்தி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பப்பா திருகோணமலையில் விடுதியில் தங்கிப் படித்து, பிறகு அதே கல்லூரியில் படிப்பித்தவர். உவர்மலை வீட்டைத் துப்புரவாக்கும்போது ஒரு றங்குப்பெட்டி நிறையக் கடிதங்கள் அகப்பட்டிருக்கின்றன. 1930களில் தொடங்கி 1960கள் வரைக்கும் உள்ளவை. கேள்விகள் மூன்று. இவற்றைக் கல்லூரிக்குக் கொடுக்கலாமா? பெரிய மனிதர் எவரும் எழுதியதில்லை, வெறும் வீட்டுக் கடிதங்கள், யாருக்கு வேண்டும்? ஒரு சின்னக் கடிதக் கட்டை மட்டும் எரித்துவிடு என்று அப்பா சொல்கிறார், என்ன செய்வது?

கொடுக்கலாம். ஆனால் இப்போதே வேண்டாம். அதைவிட முக்கியம், கட்டுகளின் நூலை இன்னும் அவிழ்த்திருக்காவிட்டால் அவிழ்க்க வேண்டாம்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் சொல்லவில்லை, செய்த பிழையால் சொல்கிறேன். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை நூலகத்துக்கு நான் பொறுப்பாக இருந்தேன். காலமான ஆசிரியர் ஒருவரின் கடிதங்களை அவருடைய வீட்டார் பிஸ்கட் தகரம் ஒன்றில் கொண்டுவந்து தந்தார்கள். சணல் கயிற்றால் கட்டிய நாலு கட்டு. எனக்கு ஒரே உற்சாகம். ஒரே பின்னேரத்தில் நாலையும் அவிழ்த்து, கடிதங்களை உறையிலிருந்து எடுத்து விரித்து, தேதிப்படி அடுக்கிவிட்டேன். தேதி இல்லாதவற்றைத் தனியாக வைத்தேன். உறைகள் குப்பைக்குப் போயின. அதற்கு முன் முத்திரைகளைக் கத்தரித்து, முத்திரை சேர்க்கும் பெடியன்களுக்குக் கொடுத்தேன். அவர்களுக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆசிரியரோடு வேலை செய்த ஒருவர் வந்தார். "அவர் பதில் போட்ட கடிதங்களை ஒரு கட்டாகவும் போடாததை இன்னொரு கட்டாகவும் வைப்பார். பதில் போட்ட தேதியை உறையின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார். அதைப் பார்த்தீர்களா?" என்றார். நான் என்ன சொல்ல? தேதியில்லை என்று ஒதுக்கிய முப்பது நாற்பது கடிதங்களுக்கும் தபால் கந்தோர் குத்திய தேதி உறையில் இருந்திருக்கும். எதற்குப் பதில் எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்பதும் கட்டில் இருந்திருக்கும். கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்திருந்த கதை போய்விட்டது.

ஆவணக்காரர் இதை மூல ஒழுங்கு என்பார்கள். உரியவர் எப்படி வைத்திருந்தாரோ அப்படியே வைப்பது. உங்கள் கண்ணுக்குக் குழப்பமாகத் தெரிந்தாலும், அது உங்கள் அப்பப்பாவின் குழப்பம். ஆகவே முதலில் பெட்டியைத் திறந்து மேலேயிருந்து ஒரு படம். ஒவ்வொரு கட்டையும் எடுக்கும்போது ஒரு படம். பிறகு உறையின் முன்பக்கம், பின்பக்கம், கடிதத்தின் எல்லாப் பக்கங்களும், வெற்றுப் பக்கம் உட்பட. கைத்தொலைபேசி போதும், யன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல். கட்டுக்கு ஒரு எண், கடிதத்துக்கு ஒரு எண். எண்ணைக் கடிதத்திலேயே எழுதுவதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில். பேனையைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம்.

வாசிக்கத் தொடங்கியதும் முதலில் இடறுவது தேதி. அந்தத் தகரத்திலிருந்த ஒரு கடிதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விடுதியில் இருந்த ஒரு பையன் மூதூரிலிருந்த தகப்பனுக்கு எழுதியது. கோடிட்ட கொப்பியிலிருந்து கிழித்த தாள். மேலே நடுவில் உ என்று பிள்ளையார் சுழி. வலப்பக்கம் விஷு௵ தை௴ 12௳. கீழே கேட்டிருந்தவை ஒரு சோடி செருப்பு, இரண்டு கொப்பி, ஊருக்கு வர லாஞ்சிக் காசு. தாள் முடிந்துபோனதால் இடது ஓரத்தில் குறுக்காகத் திருப்பி, இரவில் விமானச் சத்தம் கேட்கிறது, அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தான்.

அந்தக் குறிகள் தெரியாமல் பலர் திகைக்கிறார்கள். ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௹ ரூபாய், ௸ மேற்படி. வருடப் பெயர்கள் அறுபது. பிரபவ 1867 சித்திரையில் தொடங்கியது. பிறகு 1927, அதன்பின் 1987. அதிலிருந்து எண்ணினால் விஷு பதினைந்தாவது, அதாவது 1941 சித்திரை முதல் 1942 பங்குனி முடிய. இங்கேதான் பொறி. தை மாதம் ஆங்கில வருடம் மாறியபின் வருவது, ஆகவே அந்தக் கடிதம் 1941 அல்ல, 1942 ஜனவரி. திருகோணமலையில் ஜப்பானியர் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. அதுவும் விஷு வருடம்தான், பங்குனிக் கடைசி. ஐந்தாறு நாளில் சித்திரபானு பிறந்துவிட்டது. குண்டுக்குப் பயந்து பலர் ஊரை விட்டுப் போன நாட்கள் அவை. ஆகவே உங்கள் பெட்டியில் சித்திரபானு சித்திரை, வைகாசி என்று தேதியிட்ட கடிதம் இருந்தால், யார் எந்த ஊரிலிருந்து எழுதினார் என்பதை முதலில் பாருங்கள். அந்த முகவரி ஒன்றே ஒரு செய்தி.

விஷு என்பது 1881-82லும் வந்தது. இரண்டில் எது என்று எப்படிச் சொல்வது? முத்திரையில் விக்டோரியா மகாராணியின் தலையா, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையா என்று பார்த்தால் ஒரு நொடியில் தெரியும். அந்த முத்திரைகளைத்தான் நான் பெடியன்களுக்குக் கொடுத்தேன். செருப்புக் கேட்ட பையனின் கடிதத்தை விமானச் சத்தம் காப்பாற்றியது. மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. யுத்தகால உறை என்றால் இன்னொன்றும் இருக்கலாம்: ஓரத்தை வெட்டித் திறந்து, தணிக்கைக்காரர் ஒட்டிய சீட்டு. அதை உரிக்க வேண்டாம்.

தேதியைத் தாண்டினால் மற்றவை பழகிவிடும். ம-ள-ள-ஸ்ரீ என்பது மகாராஜராஜஸ்ரீயின் சுருக்கம், மரியாதைக்கு. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்ற தொடக்கம் பெரும்பாலும் வெறும் சடங்கு. அது இல்லாமல் ஒரு கடிதம் நேரே விஷயத்தில் இறங்கினால்தான் நிமிர்ந்து உட்கார வேண்டும். தாளின் மூலைகளில் மஞ்சள் இருந்தால் கலியாணக் காரியம், கறுப்பு இருந்தால் சாவு. ஒரு பிள்ளை அந்த மஞ்சளை அழுக்கென்று நினைத்து ஈரத்துணியால் துடைக்கப் போனதைக் கடைசி நேரத்தில் நான் தடுத்திருக்கிறேன். றா, னா, லை, ணை எல்லாம் பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையானதே 1978இல்தான். பெயர்த்தெழுதும்போது இன்றைய வடிவில் எழுதலாம். ஆனால் எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். அம்மம்மா ஒருவர் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தால், அந்தக் காலத்துத் திருகோணமலைப் பேச்சு நமக்குக் கிடைப்பது அந்தப் பிழைகளில்தான்.

இனி "வெறும் வீட்டுக் கடிதங்கள்" என்ற குறைக்கு வருகிறேன். திருகோணமலையில் எஸ்பிளனேட் பக்கத்தில் பழைய ஆங்கிலேயர் இடுகாடு ஒன்று இருக்கிறது. சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதியின் கல்லறை அங்கே. பர்மா யுத்தத்தின்போது, 1852 ஒக்டோபரில், ஐராவதி ஆற்றில் கப்பலில் கொலராவால் இறந்தவர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் ஒரே தம்பி. கல்லறையில் பெயரும் பதவியும் இருக்கும், அவ்வளவுதான். அந்த மனிதரை உயிரோடு பார்க்க வேண்டுமானால் 1801 மே மாதம் ஜேன் தன் அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதத்துக்குப் போகவேண்டும். எதிரிக் கப்பலைப் பிடித்ததில் தம்பிக்கு முப்பது பவுண் பங்கு கிடைத்ததாம், இன்னும் பத்து வருமாம், அந்தக் காசில் எங்கள் இருவருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் வைத்த சிலுவையும் வாங்கியிருக்கிறான், நன்றாகத் திட்டவேண்டும் என்று எழுதுகிறார். இருபத்தொரு வயசுப் பெடியன் தன் பங்குக் காசில் அக்காமாருக்கு நகை வாங்கிய கதை. இதைவிட வீட்டுக் கடிதம் ஒன்று உண்டா? அந்தச் சிலுவைகள் இன்று அவர்களுடைய பழைய வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடிதம் இல்லாவிட்டால் இரண்டு பழைய நகை, அவ்வளவுதான்.

கல்லூரி ஆவணத்துக்கும் அதே குடும்பத்தில் உதாரணம் இருக்கிறது. ஜேனின் அண்ணன் மகள் அன்னா ஒரு நாவல் எழுதத் தொடங்கி, பகுதி பகுதியாக அத்தைக்கு அனுப்புகிறாள். அத்தை 1814இல் பதில் எழுதுகிறார்: உன் பாத்திரங்கள் அயர்லாந்துக்குப் போகட்டும், நீ கூடப் போகாதே, அங்குள்ள பழக்கவழக்கம் உனக்குத் தெரியாது, ஒரு கிராமத்தில் மூன்று நாலு குடும்பம் இருந்தால் எழுதுவதற்குப் போதும். அந்தக் கடிதங்கள் ஒக்ஸ்போர்ட் செயின்ட் ஜோன்ஸ் கல்லூரியில் இருக்கின்றன. அன்னா தன் நாவலைப் பிற்பாடு நெருப்பில் போட்டுவிட்டாள். நாவல் போய்விட்டது, அதைப் பற்றிய பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கிறது. எது மிஞ்சும் என்பது எழுதியவர் கையில் இல்லை.

நம் பக்கம் பார்த்தால், கடிதத்தைச் சேர்த்து வைப்பதில் உ. வே. சாமிநாதையருக்கு நிகர் யாருமில்லை. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்து, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியவர். தனக்கு வந்த கடிதங்களைப் பத்திரமாக வைத்தார். மூவாயிரத்துக்கு மேற்பட்டவை சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையின் கடிதங்களும் அவற்றில் உண்டு. ஆனால் கவனியுங்கள், அவை அவருக்கு வந்தவை. அவர் எழுதியவை, வாங்கியவர் வீடுகளுக்குப் போய்விட்டன. எந்தக் கடிதத் தொகுதியும் பாதிப் பேச்சுத்தான். தொலைபேசியில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்பது போல.

திருகோணமலைக்கும் சென்னைக்கும் அப்போது போக்குவரத்து நிறைய. இந்த ஊரில் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை அங்கே ஏடுகளைப் பதிப்பித்தார். அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளை மாநிலக் கல்லூரியில் இருந்த கீழைத்தேயச் சுவடி நூலகத்தைப் பார்த்துக்கொண்டே, 1895இல் 'மோகனாங்கி' என்ற நாவலை வெளியிட்டார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்வார்கள். அப்புறம் விபுலாநந்த அடிகள். 1925இல் இராமகிருஷ்ண மிஷன் இங்குள்ள இந்துக் கல்லூரியை ஏற்ற பிறகு, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழ்ப் பேராசிரியராகப் போகும்வரை, அவருக்கு இந்த ஊரோடு நெருங்கிய தொடர்பு. இப்படிப்பட்டவர்கள் எழுதிய கடிதங்களின் மறுபாதி, அவர்களுடைய மாணவர்கள் வீட்டில், உங்கள் அப்பப்பாவினது போன்ற பெட்டிகளில்தான் கிடக்கும். உங்கள் பெட்டியில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துத் தெரியாத கடிதம் என்று எதையும் எறிய வேண்டாம் என்கிறேன்.

தாளைப் பற்றிக் கொஞ்சம். பழையது எல்லாம் பலவீனமானது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் தாள் கந்தைத் துணியில் செய்யப்பட்டது. அது இருநூறு வருடம் நிற்கும். பிறகு வந்த மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுப்பாகி நொறுங்கும். யுத்தகாலத்து மலிவுத் தாள் அதில் மகா மோசம். ஆகவே உங்கள் 1940களின் கடிதங்களுக்குத்தான் அவசரம். மை இன்னொரு சிக்கல். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை நாளடைவில் தாளை அரிக்கும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழுந்த கடிதங்களை நான் கண்டிருக்கிறேன். அப்படி ஒன்று இருந்தால் மடிப்பதும் விரிப்பதும் வேண்டாம். படம் எடுத்துவிட்டுத் தட்டையாக வைத்துவிடுங்கள்.

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தாள் அப்பளம் போல் காயும். கார்த்திகை மார்கழி மழையில் அதே தாள் தோசை போல் நனைந்து ஒட்டும். இந்த இரண்டுக்கும் இடையில் வருடா வருடம் ஆடுவதுதான் தாளைக் கொல்வது, வயசு அல்ல. கடல் உப்பும் சேர்ந்தால் குண்டூசி, கிளிப் எல்லாம் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிவிடும். அவற்றை மெதுவாகக் கழற்றுங்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா போடாதீர்கள். லமினேற் செய்யவே செய்யாதீர்கள். நல்லெண்ணத்தில் கடையில் கொடுத்து லமினேற் பண்ணிக் கொண்டுவருகிறார்கள், அந்தச் சூட்டுக்கும் பசைக்கும் பிறகு அந்தக் கடிதத்தை யாராலும் மீட்க முடியாது. வேப்பிலை போடுவதானால் பெட்டிக்கு அடியில், துணியில் கட்டி. தாளில் பட்டால் கறை. பூச்சி ஓடுவதைக் கண்டால், கட்டைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் இரண்டு கிழமை வைத்து, எடுத்த பிறகு பையின் குளிர் முழுதாக ஆறும்வரை திறக்காமல் வையுங்கள். ரொறன்ரோவில் இருப்பவருக்கு அதற்கு இடம் தேடத் தேவையில்லை.

சரி, கல்லூரிக்குக் கொடுப்பது. உள்ளதைச் சொல்வதானால், நம் ஊர்ப் பாடசாலைகளில் பெரும்பாலும் இருப்பது ஆவணக் காப்பகம் அல்ல, பூட்டிய அலுமாரி. திறப்பு ஒருவரிடம் இருக்கும்; அவர் மாற்றலாகிப் போவார்; புதியவருக்கு உள்ளே என்ன என்று தெரியாது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் கறையானுக்கு எண்ணம் தேவையில்லையே. இன்னொரு ஆபத்து நூற்றாண்டு மலர். மலர்க்குழு ஆர்வமாக வந்து மூலக் கடிதத்தை இரவல் வாங்கும், அது அச்சகத்துக்குப் போகும், அங்கிருந்து ஒருபோதும் திரும்பாது. இப்படிப் போனவற்றை எண்ண எனக்குப் பத்து விரல் போதாது. மலருக்கு எப்போதும் படத்தை மட்டும் கொடுங்கள்.

ஆகவே முதலில் எண்ணிமப் படி, அதாவது டிஜிட்டல் பிரதி. 2005 முதல் நூலகம் நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறது. அவர்களுடைய ஆவணகத்தில் கடிதங்கள், படங்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் சேர்க்கிறார்கள். அவர்களோடு பேசுங்கள். 1942, 1964 புயல், 1983க்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகள், 2004 கடல்கோள் என்று இத்தனை கண்ட ஊரில் ஒரே ஒரு படியை ஒரே கட்டடத்தில் வைப்பது சூதாட்டம். அதன்பின் மூலத்தைக் கல்லூரிக்குக் கொடுக்கும்போது நாலு கேள்வி கேளுங்கள்: எந்த அறை, திறப்பு யாரிடம், பட்டியல் உண்டா, வெளியார் பார்க்க யார் அனுமதிப்பது. பதில் திருப்தியாக இருந்தால் எழுத்தில் ஒப்பந்தம். நன்கொடையா, பாதுகாப்புக்கு மட்டுமா என்று அதில் தெளிவாக இருக்கட்டும். பதில் மழுப்பலாக இருந்தால் படிகளைக் கொடுத்து மூலத்தை வீட்டில் வையுங்கள். அதில் கோபிக்க ஒன்றுமில்லை.

சட்டம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெட்டியிலுள்ள தாள் உங்களுடையது. அதில் எழுதியிருப்பது எழுதியவருடையது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை, எழுதியவர் இறந்து 70 வருடம் வரைக்கும். ஆகவே பெரியப்பா ஒருவர் 1950இல் எழுதிய கடிதத்தை நீங்கள் காப்பகத்துக்குக் கொடுக்கலாம், அச்சிடுவதற்கு அவருடைய பிள்ளைகளைக் கேட்க வேண்டும். சட்டத்தை விட்டாலும், நம் வீட்டுக் கடிதங்களில் சீதனப் பேச்சு, கடன், சாதி, யாரோ ஒருத்தியின் குறைபற்றிய கதை எல்லாம் இருக்கும். பெயர் சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் அதே தெருவில் இருப்பார்கள்.

அதனால்தான் உங்கள் அப்பா எரிக்கச் சொல்லும் கட்டைப் பற்றி அவரோடு சண்டை பிடிக்காதீர்கள். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாது. ஜேன் ஒஸ்டினின் அக்காவும் பெரும்பாலான கடிதங்களை எரித்தார், சிலவற்றைக் கத்தரித்தார். இன்று எஞ்சியவை ஏறக்குறைய 160. ஆராய்ச்சிக்காரர் அவரைத் திட்டுகிறார்கள். எனக்குத் திட்ட மனம் வருவதில்லை, தங்கையின் அந்தரங்கம் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் எரிப்பதற்கும் காட்டுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்தக் கட்டை அவிழ்க்காமல், படமும் எடுக்காமல், நல்ல பருத்தித் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வையுங்கள். எந்த வருடம்வரை திறக்கக் கூடாது என்பதை அப்பாவே தீர்மானிக்கட்டும். 2060 என்றால் 2060. அதை அவர் கையாலேயே எழுதி, கையெழுத்திட்டு, மேலே ஒட்டச் சொல்லுங்கள். எழுதுவதற்குப் பேனை அல்ல, பென்சில். அந்தச் சீட்டும் இனி அந்தப் பெட்டியில் ஒரு கடிதம்தான்.